மறுமொழி: பிரேக் 'செயலிழப்பு' ஒரு சொல்லா, பல சொல்லா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டிக் கோளாறுகளுக்குத் தமிழ்ச் சொல் தேடி ஒரு வாரமாக நம் குழுவில் ஓடும் இந்த இழையை இன்று காலை டீயோடு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பிரேக் = தடை. எனவே பிரேக் ஃபெயிலியர் = தடைத் தோல்வி.

தோல்வி வேண்டாங்க. பிரேக் ஒன்றும் தேர்தலில் நிற்கவில்லை. 'தடை'யிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மின்தடை, வேகத்தடை, தடையாணை என்று அது ஏற்கெனவே நாலு வீட்டில் வேலை பார்க்கிறது. "தடை நீங்கியது" என்று எழுதினால் கடைவீதியில் பட்டாசு வெடிப்பார்கள். வண்டியோ பள்ளத்தில் கிடக்கும்.

> பிரேக்குக்கு 'நிறுத்தி', ஸ்டியரிங்குக்குத் 'திருப்பி' என்பது எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் "நிறுத்தி பழுதாகித் திருப்பி இறுகியது" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எது பெயர், எது வினையெச்சம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை திணறும், வாத்தியாரும் சேர்ந்து திணறுவார்.

என் கட்சி வேறு. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்படியே இருக்கட்டும். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் எந்தப் பட்டறையிலும் போய் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். பாகத்தின் பெயர் எல்லாம் ஆங்கிலம்: மாஸ்டர் சிலிண்டர், லைனிங், பூஸ்டர், டை ராடு. ஆனால் அந்தப் பாகத்துக்கு வந்த நோயைச் சொல்லும்போது ஒருத்தரும் ஆங்கிலம் பேசுவதில்லை. பிரேக் பிடிக்கல. பெடல் எறங்குது. வண்டி இடது பக்கம் இழுக்குது. ஸ்டியரிங் ஆடுது. அறுபதுல போனா ஒதறுது. ஆயில் ஒழுகுது. பெயர்ச்சொல் கடன், வினைச்சொல் சொந்தம். நாம் இங்கே பாகத்துக்குப் பெயர் தேடி வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம், சொல் விளைந்து கிடக்கிற இடம் நோய்களின் பக்கம். இறக்கம், இழுப்பு, உதறல், ஒழுக்கு என்று அவற்றைப் பறித்து வரிசையில் வைத்தாலே பாதி அகராதி முடிந்தது.

'செயலிழப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் எனக்கு இருக்கும் மனக்குறையும் இதுதான். செய்தித்தாளில் எல்லா விபத்துக்கும் "பிரேக் செயலிழந்து கட்டுப்பாட்டை இழந்த கார்". பழைய வண்டியில் எதுவும் அப்படி ஒரே நொடியில் இழப்பதில்லை. மாதக்கணக்கில் முனகிவிட்டுத்தான் போகிறது. அந்த முனகலுக்குப் பெயர் இல்லாவிட்டால், ஓட்டுகிறவன் பட்டறையில் போய் என்ன சொல்வான்?

முதலில் ஸ்டியரிங். மூன்று வருடம் முன்பு கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கிற இடம்) ஒரு சின்னக் கார் எடுத்தேன். 2007ஆம் வருடப் பதிவு. (அதை மகிழுந்து என்று எழுத இன்றுவரை மனம் வரவில்லை.) எடுத்த புதிதில் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையாது, அதற்கு மேல்தான் கேட்கும். நேர் ரோட்டில்கூடக் கை சும்மா இருக்க முடியாது, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பட்டறையில் இதற்கு 'ஆட்டம்' என்றார்கள். ஆனால் ஸ்டியரிங் கையில் நடுங்கினாலும் அதே 'ஆட்டம்'தான். இரண்டும் வேறு. நடுக்கத்துக்கு வீல் பேலன்ஸ் பார்த்தால் பெரும்பாலும் போய்விடும். என் வண்டிக்கு இருந்ததோ, ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடு கம்பியின் முனைப் பந்து தேய்ந்துபோன கோளாறு. கோவையில் லேத் ஓட்டுகிறவர்கள் இதைப் பேக்லாஷ் என்பார்கள். குழுவில் ஒருவர் 'கட்டற்ற இயக்கம்' என்று தந்திருக்கிறார். அது விடுதலைப் போராட்டம் மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை: இளக்கம். கதவுக் கீல் ஆணி இளகிவிட்டது, மண்வெட்டிக் காம்பு இளகிவிட்டது என்கிறோமே, அதே இளக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 98ஆம் விதி இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: ஸ்டியரிங் வட்டத்தில் 30 டிகிரிக்கு மேல் இளக்கம் கூடாது. 30 டிகிரி என்றால் கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகிற தூரம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சக்கரத்தை நேராக வைத்து, ஒரு ஆளைக் குனிந்து டயரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இதைச் சோதித்துக்கொள்ளலாம். நான் சோதிக்கவில்லை, பெயின்டைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

இனி பிரேக். இந்த இழை தொடங்கியதே 'ஃபேட்' என்பதற்குத் தமிழ் கேட்டுத்தான் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். மலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடி குறைந்து, கடைசியில் பிடிக்காமலே போகும் நிலை. நான் மேலே சொன்ன பட்டறை வினைச்சொற்களில் இதற்கு மட்டும் சொல் கிடையாது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். வண்டி பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் பிரேக் ஆறிவிடுகிறது, நோய் போய்விடுகிறது. பட்டறைக்காரர் கண்ணில் படாத நோய்க்குப் பட்டறையில் எப்படிப் பெயர் இருக்கும்?

எனக்கு நடந்தது அப்படித்தான். வால்பாறையில் சின்னம்மா வீட்டுக் காரியம் முடிந்து, மாமாவை ஏற்றிக்கொண்டு ஆழியாறு பக்கம் இறங்கினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. மேலிருந்து வந்தால் எண் குறைந்துகொண்டே வரும். மூன்றாம் கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன், தப்பு என்னுடையதுதான். இருபது வாக்கில் கருகிய வாடை. எஸ்டேட்டில் ஏதோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பதினைந்து வாக்கில் பெடல் கல்லாக இருந்தது, மிதித்தால் வண்டி யோசித்து யோசித்துக் குறைந்தது. அதற்கு இரண்டு வளைவு கீழே வந்தபோது கல் பஞ்சானது. பெடல் சொதக்கென்று தரைக்கே போய்விட்டது. லாரி ஓட்டியே தலை நரைத்த மாமா, குரலைக்கூட உயர்த்தாமல், "ரெண்டுல போடுங்க மாப்ள. அப்பறம் ஒண்ணு. கை பிரேக்க மெல்லப் புடிங்க, வெடுக்குனு இழுத்தராதீங்க" என்றார். இன்ஜின் ஊளையிட்டது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனை ஓரமாக, வண்டி ஒருவழியாக நின்றது. கைப்பிடிச் சுவர் மேல் நின்ற வரையாடு ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது.

நான் தண்ணீர்ப் பாட்டிலோடு சக்கரத்துக்கு ஓடினேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி கிண்ணி ஊத்தீராதீங்க, டிஸ்க்கு வெடிச்சுப் போகும். பிரேக்கு அசந்துருச்சு, அவ்வளவுதான். ஆறுனா எந்திரிச்சுக்கும்."

முக்கால் மணி நேரத்தில் பெடல் எழுந்து நின்றது. மறுநாள் பொள்ளாச்சிப் பட்டறையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்கள். நான் விடாமல் நச்சரித்த பிறகு பிரேக் ஆயிலை இறக்கினார்கள். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது வரக்காப்பி மாதிரி வந்தது.

அந்த வரக்காப்பிதான் விஷயம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுள்ளது. டாட் 3 என்கிற தர வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 140 இருந்தாலே போதும் என்று தரவரையறையே ஒத்துக்கொள்கிறது. டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். கை மாறி வந்த வண்டியில் யார் மாற்றியிருப்பார்கள்? ஆயிரம் கிலோ வண்டி 700 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 69 லட்சம் ஜூல். 23 லிட்டர் தண்ணீரை, ஒரு அண்டா என்று வையுங்கள், கொதிக்கவைக்கப் போதும். இன்ஜினை இழுக்க விடாமல் பிரேக்கையே நம்பினால், அந்தச் சூட்டில் பெரும்பங்கு நான்கு சக்கரத்தில்தான் இறங்கும். உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் சூடேறி உராய்வு குறைவது முதல் கட்டம், பெடல் கல்லாக இருந்தும் பிடிக்காது. ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வருவது அடுத்தது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் கொடுக்கும் விசை எல்லாம் குமிழியை நசுக்கவே சரியாகிவிடும். ஆறினால் குமிழி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் எழும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> பிரேக் ஃபேட் = தடை மங்கல்

சாயம் மங்கும், கண் மங்கும். பிரேக் மங்குவது ஆங்கிலத்தின் முதுகில் ஏறி வந்த சொல். மொழிபெயர்ப்பே ஆகாது என்று சொல்லவில்லை, 'கொண்டை ஊசி வளைவு' மொழிபெயர்ப்புதான். நம் வீட்டிலும் கொண்டை ஊசி இருந்ததால் அது ஒட்டிக்கொண்டது.

> வெப்பச் சோர்வு என்றால் என்ன குறை?

சோர்வை ஏற்கெனவே உலோகத்துக்குக் கொடுத்துவிட்டோம். உலோகச் சோர்வு ஓய்வெடுத்தால் தீராது, விரிசல் விட்டது விட்டதுதான். நமக்கு வேண்டியது ஓய்வெடுத்தால் தீர்கிற சோர்வு.

அதற்கு மாமா சொன்ன சொல்லைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. அசந்துருச்சு. அயர்தல்தான் பேச்சில் அசர்தலாக வருகிறது. செத்தவனை அசந்துபோனான் என்று யாரும் சொல்வதில்லை. அசந்தவன் எழுந்திருப்பான். பாரம் இழுத்த மாடு அசரும், நிழலில் கட்டித் தண்ணி காட்டினால் மறுபடி நடக்கும். கூடவே, நாம் பிரேக்கைப் 'பிடிக்கிறோம்', பிரேக் 'பிடிக்கவில்லை' என்கிறோம். ஆகவே பிடியும் அசதியும் சேர்ந்து பிடியசதி. உட்பிரிவு வேண்டுமானால் கால் சொல்வதை வைத்தே கல்மிதி அசதி (லைனிங்), பஞ்சுமிதி அசதி (ஆயில்). பஞ்சுமிதி வந்தால் மிதித்து மிதித்து எடுத்துக் காத்திருக்காமல் கியரை இறக்குங்கள் என்று எச்சரிக்கைப் பலகையில் எழுதக்கூட வசதி.

1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொல்லுக்கென்று சங்கம் வைத்து இதழ் நடத்தினார்கள். நம் பக்கத்துக்கு இந்தப் பைத்தியம் பழசு. அவர்களுக்கு லாரி மாமாக்கள் வாய்த்தார்களா தெரியாது, நமக்கு வாய்த்திருக்கிறார்கள்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து

———

மறுமொழி (சத்தியமங்கலத்திலிருந்து):

இளக்கத்துக்கு என் ஓட்டு உண்டு. பிடியசதியில் ஒரு சந்தேகம். சங்கத்தமிழ் படித்தவர்களுக்குப் பிடி என்றால் பெண் யானை. எங்கள் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவிலும் யானை நடமாட்டம் உண்டு. "கவனம், பிடியசதி ஏற்படும் பகுதி" என்று பலகை வைத்தால், பாவம் அந்த யானைக்கு என்ன ஆச்சோ என்று வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

———

மறுமொழி (திருச்செங்கோட்டிலிருந்து):

நிறுத்திப் பார்த்தால் நல்லதுதானே, பிரேக் ஆறும்! எங்கள் ஊர் ரிக் வண்டிக்காரர்கள் (ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள்) இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் "பிரேக் அசந்துருச்சு" என்றால் உடனே புரிகிறது என்றார். இன்னொருவர், காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக் வண்டியில் ஆயிலே இல்லை, பஞ்சுமிதி என்ற பேச்சு அங்கே எடுபடாது என்கிறார். டிரம் சூடேறிக் கல்மிதி மாதிரி பிடிக்காமல் போவது மட்டும் உண்டாம். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து விடுகிறவர்களுக்கும் ஒரு சொல் வேண்டும். மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் இரண்டு மிதிக்கு மேல் தாங்காது, பவர் ஸ்டியரிங் பாறையாகிவிடும், சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். அது அசதியும் இல்லை, இளக்கமும் இல்லை.

———

மறுமொழி (பொள்ளாச்சியிலிருந்து):

ஏர் பிரேக் திருத்தம் சரி. பஞ்சுமிதி அசதி ஆயில் பிரேக் வண்டிக்கு மட்டும் என்று குறிப்புப் போட்டுவிடுகிறேன். யானைக்காக ஒரு சலுகை: பலகையில் 'பிரேக் அசதி', அகராதியில் 'பிடியசதி'. இன்ஜினை அணைத்து இறங்குவதற்கு, பூஸ்டரும் பவரும் துணைக்கு வந்தவை என்பதால், 'துணையிழப்பு' என்று எழுதி வைத்தேன். மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அதுக்கெல்லாம் பேரு எதுக்கு மாப்ள, கஞ்சத்தனம்னு போடுங்க" என்கிறார். அதற்குத் தனி இழை தொடங்கலாமா?