பழைய கொம்பியூட்டர் இழுக்குது, எதைக் கழட்டலாம் எதைத் தொடக்கூடாது?

மல்லாவிப் பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும், எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் மாமா பாவிச்சிட்டுத் தந்தது, விண்டோஸ் 10, 4 ஜிபி ரம், பழைய ஹாட் டிஸ்க்தான். போட்டால் டெஸ்க்டொப் வந்த பிறகும் மவுஸ் சுத்திக்கொண்டே நிக்கும், ஒண்டும் திறக்காமலே டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100% எண்டு காட்டுது. போன முறை திருத்தக் குடுத்த இடத்தில போர்மட் பண்ணினதோட ரெண்டு அன்டிவைரஸ், ஒரு டிரைவர் அப்டேட்டர், ஏதோ கிளீனர் எல்லாம் கேக்காமலே ஏத்தி விட்டிருக்கினம். மூலையில "வைரஸ் இருக்கு, உடன அழுத்தவும்" எண்டு ஒரு பெட்டி வேற வந்து வந்து போகுது. பின்னால ஓடுறதுகளின்ர பேரைப் பாத்தால் எது நல்லது எது கெட்டது எண்டே விளங்கேல்ல. அம்மா மாதர் சங்கத்துக் கடிதமெல்லாம் இதிலதான் அடிக்கிறவ, தமிழ் அடிக்கிறது நிண்டுதெண்டால் எனக்குச் சோறில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போகவும் ஏலாது.

பரந்தன் சந்தி:
தங்கச்சி, டாஸ்க் மனேஜரில எண்ட் டாஸ்க் குடுத்துக்கொண்டிருக்கிறதில பிரியோசனமில்லை, திரும்பப் போடேக்க எல்லாம் வரும். முதல் வேலை அந்த ரெண்டு அன்டிவைரஸையும் கழட்டுறது. ஒரு பைலைத் திறந்தால் ரெண்டும் ஒரே நேரம் அதைச் சோதிக்கப் போகும், பழைய டிஸ்க் அதுக்குத் தாங்காது. கழட்டின உடன விண்டோஸின்ர சொந்த டிபெண்டர் தானாவே வேலை செய்யத் தொடங்கும், பயப்பிடாதேங்கோ. செட்டிங்ஸில ஆப்ஸுக்குப் போய் அன்இன்ஸ்டோல் குடுங்கோ, அதில போக மாட்டன் எண்டு நிண்டால் அந்தக் கொம்பனியின்ர சைட்டிலயே கழட்டுறதுக்கு எண்டு தனி டூல் வைச்சிருப்பாங்கள். டிரைவர் அப்டேட்டர், கிளீனர் ரெண்டையும் யோசிக்காமல் தூக்குங்கோ, டிரைவரை (சவுண்ட், பிரிண்டர் மாதிரிச் சாமான்களை விண்டோஸ் ஓட்டுறதுக்கான சொப்ட்வெயர்) விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவரும்.

பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் சேத்து அழுத்தி ஸ்டார்ட்டப் எண்ட பக்கத்தைப் பாருங்கோ, இம்பாக்ட் ஹை எண்டு இருக்கிறதுகளில தேவையில்லாததை டிஸேபிள் பண்ணுங்கோ. ஆனால் எ-கலப்பையோ என்.எச்.எம். ரைட்டரோ அதில இருந்தால் தொடாதேங்கோ, அம்மாவின்ர தமிழ் அதாலதான் வருது.

எல்லாம் முடிஞ்சு ஷட்டவுன் பண்ணாமல் ரீஸ்டார்ட் குடுங்கோ. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஓனில இருந்தால் ஷட்டவுன் பண்ணினாலும் விண்டோஸ் தன்ர பழைய நிலைமையை டிஸ்கில எழுதி வைச்சுத்தான் நிக்கும், கனபேருக்கு இது தெரியாது.

குளக்கட்டு:
அண்ணை உதெல்லாம் மினக்கெட்ட வேலை, போட்டோக்களைப் பென்டிரைவில எடுத்துப்போட்டு புதுசா விண்டோஸ் அடிச்சால் ஒரு பின்னேரத்தில முடிஞ்சுது

பரந்தன் சந்தி:
அடிக்கலாம் தம்பி, ஆனா அடிச்ச பிறகு அப்டேட் ஜிபி கணக்கில இறங்கும், அவை போன் டேட்டாவில ஓடுறாக்களா இருந்தால் டேட்டாக் காசு ஆரு கட்டுறது? முதல் கழட்டிப் பாக்கட்டும்.

முறிகண்டிக் கடலை:
அந்த மூலைப் பெட்டி சொப்ட்வெயரே இல்லை, எதைக் கழட்டினாலும் அது போகாது. ஏதோ படம் பாக்கிற சைட்டில "அலோ" எண்டு கேட்டதுக்கு ஆரோ அழுத்தியிருக்கினம். குரோமில செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் எண்டு போனால் அனுமதி குடுத்த சைட்டுகள் வரிசையா கிடக்கும், தெரியாத பேர் எல்லாத்தையும் தூக்குங்கோ. அந்தப் பெட்டியை மட்டும் அழுத்திப்போடாதேங்கோ, அது சொல்லுற வைரஸ் இல்லை, அழுத்தினால்தான் வரும்.

மற்றது, யூடியூபில ஆரும் எம்எஸ்கொன்பிக்கில (விண்டோஸ் தொடங்கேக்க எது எது ஓடவேணும் எண்டு மாத்திற இடம்) சேர்விஸ், அதாவது பின்னால ஓடுறது, எல்லாத்தையும் நிப்பாட்டச் சொன்னால் கேக்காதேங்கோ. அதில முதல் "ஹைட் ஓல் மைக்ரோசொப்ட் சேர்விசஸ்" எண்ட பெட்டியில சரி போட்டுட்டுத்தான் மிச்சத்தைப் பாக்கவேணும். டாஸ்க் மனேஜரில எஸ்விசிஹோஸ்ட் எண்டு ஒரே பேரில கனக்க ஓடும், விண்டோஸ் தன்ர சேர்விஸுகளை அதுக்குள்ள வைச்சுத்தான் ஓட்டுறது, அது வழமை. ஒண்டில சந்தேகம் எண்டால் ரைட் கிளிக் பண்ணி ஓப்பின் பைல் லொக்கேஷன் குடுங்கோ, விண்டோஸ் போல்டருக்குள்ள சிஸ்டம்32 இல திறந்தால் விடுங்கோ. அதே பேர் டவுன்லோட்ஸிலயோ டெம்ப்பிலயோ கிடந்தால்தான் கள்ளன்.

மல்லாவிப் பிள்ளை:
நன்றி அண்ணையாக்கள். அன்டிவைரஸ் ரெண்டும் போட்டுது, ஒண்டு போகேக்க "உண்மையாவே போகவா" எண்டு அழாக்குறையாக் கேட்டுக்கொண்டு நிண்டது. பெட்டியும் நிண்டிட்டுது, சைட் லிஸ்டில முழுக்கத் தம்பி பாக்கிற கார்ட்டூன் சைட். டிஸ்க் இப்ப கொஞ்சம் இறங்கி இறங்கி ஏறுது, ஆனா போட்ட உடன இன்னும் 100 தான். சிஸ்மெயின் எண்டு ஒண்டு மேல நிக்குது, நிப்பாட்டலாமா?

பரந்தன் சந்தி:
நிப்பாட்டிப் பாக்கலாம், அது நீங்கள் அடிக்கடி திறக்கிறதை முன்கூட்டியே ரம்முக்குக் கொண்டுவாற வேலை, முந்தி சுப்பர்பெட்ச் எண்டு பேர். கொம்பியூட்டருக்கு ஒண்டும் ஆகாது, பிடிக்காட்டித் திரும்பப் போடுங்கோ. ஆனால் உள்ளதைச் சொன்னால் இனி மிச்சம் அந்த டிஸ்கின்ர வயசு. காசு சேந்தால் ஒரு சின்ன எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்குக்குப் பதிலாப் போடுற வேகமான டிஸ்க்) வாங்குங்கோ, ரம்மை விட அதுதான் முதல். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சுது, மேலதிக பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிஞ்சால் 2026 ஒக்டோபர் 13 மட்டும் வரும், அப்டேட் பக்கத்திலயே பதியிற லிங்க் இருக்கும். டிஸ்க் மாத்திற அண்டைக்குத் தம்பி குளக்கட்டு சொன்ன மாதிரிப் புதுசா அடிக்கலாம், அதுவரைக்கும் அம்மாவின்ர கடிதங்களைப் பென்டிரைவில ஒரு கொப்பி போட்டு வையுங்கோ.

குளக்கட்டு:
அப்ப நான் சொன்னதுதானே கடைசியில 😄