பினாங்குக்குப் புதுசா? முதல் மாதத்தில் மலை ஏறுவது பற்றி

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, இந்த ஞாயிறு பினாங்கு மலைக்கு நடந்தே ஏறலாமா என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாக ஏறலாம், இந்த ஞாயிறு மட்டும் வேண்டாம்.

"நான் திருநெல்வேலிக்காரன், எனக்கு வெயில் புதுசா?" என்று எழுதியிருந்தீர்கள். சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் நானும் இதே வசனம்தான் பேசினேன், ஊர் மட்டும் மதுரை. வந்த மூன்றாவது வாரம், காலை பத்தரை மணிக்குப் பொட்டானிக்கல் கார்டன் வாசலிலிருந்து ஜீப் பாதையில் கிளம்பினோம். ஐந்து கிலோமீட்டர் சொச்சம் தார் ரோடுதானே என்ற நினைப்பு. ரோடுதான், ஆனால் 833 மீட்டர் உயரமுள்ள மலைக்குப் போகிற ரோடு. பாதி வழியில் தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு லிட்டர் தண்ணீரும் தீர்ந்திருந்தது. எதிரே இறங்கி வந்த உள்ளூர்த் தமிழர் ஒருவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், "ஊர்லேருந்து புதுசா வந்தீங்களா தம்பி?" என்று கேட்டு, நிழலில் உட்காரவைத்து, பையிலிருந்து "அசாம் போய்" என்கிற தின்பண்டத்தை எடுத்து நீட்டினார். உப்பில் ஊறிக் காய்ந்த பிளம் பழம். அரை மணி நேரம் கழித்து அவர் பின்னாலேயே இறங்கிவிட்டேன். உச்சியைப் பார்க்கவில்லை.

வெயில் பழகிய உடம்பு என்பது பிறந்த ஊரைப் பொறுத்ததில்லை. தினமும் வெக்கையில் உடம்பை அசைத்து வேலை செய்தால், ஒன்று இரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் அவ்வளவு துடிக்க வேண்டியிருக்காது. விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே இந்தப் பழக்கம் போய்விடும். ஏசி அறை, ஏசி கார், ஏசி ஆபீஸ் என்று இருப்பவர் திருநெல்வேலிக்காரராக இருந்தால் என்ன, ஊட்டிக்காரராக இருந்தால் என்ன!

துபாயில் இருக்கும் என் மச்சான் வேறு, "இங்கே 45 டிகிரி, உங்க ஊர்ல 32 தானே" என்று கிண்டல் செய்வார். பாலைவனத்து வெயில் வேறு ரகம். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்த பிறகுதான் எவ்வளவு இழந்தோம் என்று தெரியும். பினாங்கில் காற்றே ஈரம். வியர்வை காயாமல் சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகிறது பாருங்கள், அதுதான் குளிர்விக்கும். அதனால் 32 டிகிரியிலும் ஆள் சுருண்டு விழலாம். மச்சானுடைய அமீரகத்திலேயே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை. நாம் மட்டும் லீவு நாளில் போய் வெயிலில் நிற்கிறோம்.

அடுத்தது கடிகாரம். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். பினாங்கில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. ஊர்க் கணக்கில் "நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துடும்" என்று கிளம்பினால் இங்கே அது மூன்று மணி வெயில். ஏழு மணிக்கு ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் மேலே இருக்கப் பாருங்கள். பிற்பகலில் இடி மழை வேறு வரும், ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் மாதங்களில் அடிக்கடி.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? தண்ணீர்மலை முருகன் கோயில் பொட்டானிக்கல் கார்டனுக்குப் பக்கம்தான், 513 படி. இரண்டு வாரம், முடிந்த நாளெல்லாம் காலையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். ஏறும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு திணறினால் வேகம் அதிகம். முருகன் தரிசனமும் ஆச்சு.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், சிறிது சிறிதாக. வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். கூடவே உப்புக் கடலை, ஓஆர்எஸ் பொட்டலம், ஹண்ட்ரட் பிளஸ் என்கிற உப்புச்சத்துள்ள பானம், ஏதாவது ஒன்று. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பாதீர்கள். எதையும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே குரங்குகளுக்குப் பை என்றாலே சாப்பாடு.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அன்றைய நடை முடிந்தது. உளறுகிறார், தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்த்துக்கொண்டிருந்தாலும் அதுவாக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தி, கையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

மாமனார் மாமியாரைக் கூட்டிப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு: இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இல்லாவிட்டாலும் மலையடிவாரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து ரயிலில் ஏற்றிவிடுங்கள். 1923-லிருந்தே மலை ரயில் ஓடுகிறது. மலை உச்சியில், கீழே இருப்பதைவிட நன்றாகவே குளுகுளுவென்று இருக்கும். நானும் இப்போதெல்லாம் நடந்து ஏறினால் ரயிலில்தான் இறங்குகிறேன், முழங்கால் கேட்க மாட்டேன் என்கிறது.