தாராவியில் வீட்டைப் பழுது பார்ப்பது வீண் செலவா?

கடற்காற்று: மும்பைத் தாராவியின் குடிசைகளை இடித்து அடுக்குமாடி வீடு கட்டித் தரும் சீரமைப்புத் திட்டத்தை 2004இல் அறிவித்தார்கள். அன்றிலிருந்து தாராவி அரைத் தூக்கத்தில் கிடக்கிறது என்பது என் கட்சி. எப்படியும் இடிக்கப் போகிறார்கள் என்றால் யார் பத்து மூட்டை சிமெண்ட் வாங்குவார்கள்? வாக்குறுதிதான் குடிசையைக் குடிசையாகவே வைத்திருக்கிறது.

தொண்ணூறடி ரோடு: அண்ணே, தாராவிப் பக்கம் கடைசியாக எப்போது வந்தீர்கள்? திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது, நான் பிறந்ததே அங்கேதான். எங்கள் சந்தில் 2004க்கு அப்புறம்தான் வரிசையாக மாடி எழும்பியது. பத்துக்குப் பத்து அறை, அதன் தலையில் இன்னோர் அறை, வெளியே செங்குத்தாக இரும்பு ஏணி, பிடித்து ஏற ஒரு கயிறு. மேலே தையல் மெஷினோடு பீகார் பையன்கள். தூங்குகிறவன் மாடி கட்டுவானா?

கடற்காற்று: அது வாடகைக்காகக் கட்டியது. நீங்கள் குடியிருக்கும் அறை ஒழுகுகிறதா, இல்லையா?

தொண்ணூறடி ரோடு: ஒழுகுகிறது. சரி, அந்த வாதத்தில் வெற்றி உங்களுக்கு. சுவரில் ஓதம் ஏறி சுண்ணாம்பு உதிர்கிறது, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றே அம்மா ஓட்டிவிட்டாள். ஆனால் டிரங்குப் பெட்டியை மட்டும் விடமாட்டாள். 1976 குடிசைக் கணக்கெடுப்புக்கு அப்புறம் தந்த போட்டோ பாஸ் (குடிசைக்காரர் என்பதற்கான படம் ஒட்டிய அட்டை), ரேஷன் அட்டை, 98ஆம் வருஷத்துக் கரண்ட் பில், எல்லாம் பால் கவருக்குள். தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் மேலே ஏறுவது அந்தப் பெட்டிதான்.

தராசு: இடிப்பார்களா மாட்டார்களா என்பது கிடக்கட்டும். உங்கள் அம்மா அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கக் காரணம் ஒரு தேதி: 2000 ஜனவரி 1. அதற்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகக் காகிதம் காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. 2024 அறிவிப்புப்படி 350 சதுர அடி. மேல்மாடிக்காரருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. ஏணிக்குக் கீழே ஒரு கணக்கு, மேலே வேறொரு கணக்கு. காத்திருப்பதில் லாபம் உங்களுக்கு. அந்தத் தையல்காரப் பையனுக்கு?

தொண்ணூறடி ரோடு: அவனும் விவரமானவன்தான். போன மாதம் வாடகைச் சீட்டில் தன் பெயரை எழுதித் தரச் சொன்னான். அம்மா தரவில்லை.

கடற்காற்று: ஏனாம்?

தொண்ணூறடி ரோடு: "அவன் பேர் ஏறினா நம்ம பேர் போயிரும்" என்கிறாள். அப்படியெல்லாம் போகாது என்று சொல்லிப் பார்த்தேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.