குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு, நெடுந்தீவு: வயதானவரோடு படகில் போவது எப்படி?

வைகைக்கரை:

வணக்கம். ஜூலை கடைசி வாரத்தில் அம்மாவோடு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வந்து, யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் தங்குகிறோம். அம்மாவுக்கு வயது 70. முழங்கால் வலி உண்டு, படி இறங்கத்தான் ரொம்பச் சிரமம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குக் கட்டாயம் போக வேண்டும். முடிந்தால் அதே நாளில் நெடுந்தீவும் பார்க்க ஆசை. ஃபெர்ரிக்கு டிக்கெட் எங்கே எடுப்பது? அம்மாவுக்கு பஸ்ஸிலேயே குமட்டும், கடல் எப்படி இருக்கும்? வழியில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தீவகத்தான்:

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் கப்பலில் வந்து இறங்குவது கே.கே.எஸ்., அதாவது காங்கேசன்துறை. நயினாதீவுக்குப் படகு ஏறுவது கே.கே.டி., அதாவது குறிகட்டுவான். முன்னது யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, பின்னது தென்மேற்கே புங்குடுதீவின் மேற்கு முனையில். ஓட்டோக்காரரிடம் எழுத்தைச் சொல்லாமல் "குறிகட்டுவான், நயினாதீவு போட் எடுக்கிற இடம்" என்று சொல்லுங்கள்.

யாழ். பஸ் நிலையத்திலிருந்து 776 இலக்க பஸ் போகிறது. பண்ணைப் பாலம், வேலணை, அதற்குப் பிறகு கடலுக்குள்ளே நீளும் வாணர் பாலம், புங்குடுதீவு என்று வந்து இறங்குதுறையிலேயே நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்றால் வாகனம் பிடித்து வாருங்கள். இறங்குதுறைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகலாம்.

நயினாதீவுப் படகுக்கு முன்பதிவு தேவையில்லை. காலை ஏழு மணி அளவில் தொடங்கி ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று போகும், ஆள் நிறைந்தால் முந்தியும் எடுத்துவிடுவார்கள். கட்டணம் சிறிய தொகைதான், காசைக் கையில் கொடுப்பது. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். ஓட்டம் பதினைந்து, இருபது நிமிடம்.

ஒரே நாளில் இரண்டு தீவும் வேண்டாம். இரண்டுக்கும் குறிகட்டுவானில்தான் ஏற வேண்டும், நயினாதீவிலிருந்து நேரே நெடுந்தீவுக்கு வழமையான சேவை இல்லை. நெடுந்தீவு ஓட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாளுக்குச் சில தடவைதான், காலையில் போய்ப் பின்னேரம் திரும்புகிற கணக்கு. அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்.

கடற்காகம்:

தீவகத்தான் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் முழங்கால் வலிக்காரருக்குக் கடலைவிடப் படகுதான் பிரச்சினை, அதை அவர் சொல்லவில்லை.

நயினாதீவு போகும் மரப் படகுகள் பலவற்றில் இருக்கை கீழ்த்தட்டில்தான். குனிந்து, ஒடுங்கிய வாசலால், செங்குத்தான சில படிகள் இறங்க வேண்டும். உள்ளே வெக்கை, என்ஜின் சத்தம், டீசல் புகை நாற்றம். குமட்டல் வருவது அலையால் மட்டுமல்ல, இதனாலும்தான். வாசலுக்குப் பக்கத்து இருக்கைதான் அம்மாவுக்கு நல்லது. அது கிடைக்காவிட்டால் அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்ததற்கு முதல் ஆளாக நில்லுங்கள். மேல்தட்டில் இருக்க விடுவார்களா என்பது படகையும் அன்றைய காற்றையும் பொறுத்தது.

ஏறும் முறை முக்கியம். நெரிசலான நாளில் இரண்டு மூன்று படகுகளைப் பக்கத்தில் பக்கமாகக் கட்டியிருப்பார்கள். ஒன்றைக் கடந்துதான் மற்றதற்குப் போக வேண்டும். பைகளை முதலில் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் வெறுமையாக வைத்திருங்கள். நீங்கள் முன்னே ஏறி நின்று அம்மாவின் முன்கையைப் பிடியுங்கள், விரலைப் பிடித்தால் வழுக்கும். பின்னால் படகுக்காரர் ஒருவர் நிற்கட்டும், கேட்டால் மறுக்கமாட்டார்கள். அலை படகை மேலே தூக்கி விளிம்பு துறைமட்டத்துக்கு வரும்போது காலை வையுங்கள், கீழே போகும்போது வைக்கக் கூடாது. இரண்டு படகுக்கு நடுவிலோ, படகுக்கும் துறைச்சுவருக்கும் நடுவிலோ விளிம்பைப் பிடிக்கவே வேண்டாம். படகுகள் நெருங்கினால் விரல் நசுங்கும். சேலையைச் சற்று உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், செருப்பு கையில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் பட்ட பலகையில் ரப்பர் செருப்பு சறுக்கும்.

உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டு, கொக்கி எல்லாம் பூட்டுங்கள். கீழ்த்தட்டில் இருந்துகொண்டு விபத்து நேரத்தில் போடப் பார்த்தால் வாசலே கிடைக்காது.

இனிக் கடல். ஜூலை சோளகக் காலம், தென்மேற்குக் காற்று. நயினாதீவுப் பக்கம் கடல் ஆழம் குறைவு, அலை உயரமாக எழாது. ஆனால் குட்டையாக, அடுத்தடுத்து அடிக்கும். போகும்போது இடப்பக்கம் தூவானம் தெறிக்கும், திரும்பும்போது வலப்பக்கம். காலை எட்டு மணிக்கு முன் போனால் காற்று அடங்கியிருக்கும், பதினொரு மணிக்குப் பிறகு கிளம்பிவிடும். நெடுந்தீவுக்குப் போகும்போது இதே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும், அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்கித் தூக்கி அடிக்கும். அந்தப் படகில் நடுப்பகுதியிலோ கடையார்ப் பக்கமோ (பின்பக்கம்) இருப்பதுதான் ஆறுதல். குமட்டல் மாத்திரை நயினாதீவுக்குத் தேவைப்படாது, நெடுந்தீவுக்கு வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், தள்ளாட்டமும் வரலாம். எழுபது வயதுக்காரருக்கு ஊரிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

வேலணை மேற்கு:

நயினாதீவில் இரண்டு துறை உண்டு: கோயிலடி ஒன்று, நாகதீப பௌத்த விகாரையடி ஒன்று. எதில் இறக்குவார்கள், திரும்பும் படகு எதிலிருந்து என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் இடையே பத்து நிமிட நடை, அம்மாவுக்கு இருபது என்று வையுங்கள். நிழல் குறைவு, குடை எடுங்கள். தீவில் ஓட்டோவும் உண்டு.

உங்கள் திகதிக்குள் ஆனித் திருவிழா முடிந்திருக்கும், அது நிம்மதி. ஆனால் ஆடி வெள்ளியையும், செவ்வாயையும், போயா தினத்தையும், சனி ஞாயிறையும் தவிருங்கள். போயா என்றால் பௌர்ணமி, விடுமுறை நாள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக விகாரைக்கு வருவார்கள், படகு வரிசை வெயிலில் நீளும். மற்றக் கிழமை நாளில், காலை முதல் படகுகளில் ஒன்று என்றால் சுகமான பயணம். மத்தியானப் பூசை பார்த்து, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு, இரண்டு மணிக்குள் படகேறலாம். பின்னேரம் ஐந்தரை, ஆறோடு சேவை ஓய்ந்துவிடும். கடைசிப் படகை நம்பி இருக்க வேண்டாம், அதில்தான் நெரிசலும் கூட. ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் கோயிலுக்குள் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தங்குமிடத்தை முன்கூட்டியே பிடியுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் ஜூலை கடைசியில் விழுகிற வருடங்களில் அறை கிடைப்பது கஷ்டம்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. அப்படியானால் நெடுந்தீவுக்கு நான் மட்டும் தனியாகப் போகிறேன். அம்மாவுக்கும் இன்னொரு படகு ஓட்டம் போக ஆசை, அதை வேறு எப்படியாவது தீர்க்க முடியுமா? படியே இல்லாத படகு இருக்கிறதா?

தீவகத்தான்:

இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் "பாதை". இங்கே பாதை என்றால் தெரு மட்டுமல்ல, தட்டையான மிதவைப் படகும்தான். ஆகவே யாரிடமாவது "பாதை ஓடுதா?" என்று கேட்டால் தெரு திறந்திருக்கிறதா என்று கேட்பதாக நினைக்கமாட்டார்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சேவை, கட்டணம் இல்லை. சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் உருட்டி ஏற்றுவார்கள். தளம் மட்டமாக இருப்பதால் அம்மா சரிவில் நடந்தே ஏறலாம். பத்து நிமிட ஓட்டம். நடுக்கடலில் தெரிவது கடற்கோட்டை, போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஹமென்ஹீல் என்று பெயர் வைத்தார்கள்.

வேலணை வழியாக ஊர்காவற்றுறை போய், பாதையால் காரைநகர் கடந்து, பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் திரும்பினால் அரை நாள். உங்கள் வாகனத்தை ஏற்ற முடியாவிட்டால் சாரதியைத் தரைவழியாகக் காரைநகருக்கு அனுப்ப வேண்டிவரும், சுற்று அதிகம். பாதை பழுதாகி நிற்கிற நாட்களும் உண்டு, அன்று காலையே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடற்காகம்:

நெடுந்தீவுக்குத் தனியாகப் போகிறவருக்கு: கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், பதிவு கேட்கலாம். குறிகட்டுவானில் "வடதாரகை", "குமுதினி" என்று படகுப் பெயரைச் சொல்லி அன்று எது, எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். தீவுக்காரர் மூட்டை முடிச்சோடு ஏறுவார்கள், அவர்களுக்கு இது பஸ். இடம் விட்டு இருங்கள். இறங்கியவுடன் முதல் வேலை, திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடமே கேட்டுக் குறித்துக்கொள்வது. பிறகு ஓட்டோ பேசுங்கள்: ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்), குதிரைகள், இந்த நான்கும் எத்தனை ரூபாய் என்று மொத்தமாக. குதிரை நிற்கும் வெளி தீவின் தெற்கே, துறையிலிருந்து தூரம். அதை முதலில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மற்றதைப் பாருங்கள். ஜூலையில் வறட்சி, குடிக்கத் தண்ணீர் இரண்டு லீற்றராவது யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோங்கள்.