7 வயசுப் பொண்ணுக்கு ஒரு பக்க மார்பில் கட்டி: சீக்கிரமே வயசுக்கு வர்றதுக்கு அறிகுறியா? எங்க காட்டணும், என்ன டெஸ்ட் எடுக்கணும்?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். பொண்ணுக்கு 7 வயசு 4 மாசம். இடது மார்க்காம்புக்கு நேர் அடியில புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியா ஒண்ணு இருக்கு. சட்டை உரசினாலே வலிக்குதுங்கிறா. வலது பக்கம் ஒண்ணும் இல்ல. பார்த்து ஆறு வாரம் ஆச்சு, கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு. அக்குள்ல வியர்வை வாடை வருது, முடி எங்கயும் இல்ல. வெள்ளைப்படுதல், ரத்தம் எதுவும் இல்ல. காய்ச்சல், தோல் சிவப்பும் இல்ல.

இப்போ உயரம் 124 செ.மீ., எடை 27 கிலோ. 10 மாசத்துக்கு முன்னாடி ஸ்கூல் கார்டுல 117 செ.மீ.னு போட்டிருக்கு, ஷூவோட எடுத்த அளவு. என் உயரம் 154, அவங்க அப்பா 168. நான் 12 வயசுல வயசுக்கு வந்தேன், நாத்தனார் பத்தரை வயசுல.

சொந்தக்காரர் ஒருத்தர் சர்ஜன்கிட்ட காட்டி கட்டியை எடுத்துடச் சொல்றாங்க. லேப்ல விசாரிச்சா ஹார்மோன் பேக்கேஜ் ஒண்ணு இருக்கு, நேரா வந்து எடுத்துக்கலாம்ங்கிறாங்க. மாமியார் பிராய்லர் கோழியை நிறுத்திட்டு உளுந்தங்களி கொடுக்கச் சொல்றாங்க. எதை முதல்ல செய்யணும்? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

---

குழந்தை மருத்துவர், புதுச்சேரி எழுதியது:

முதலில் அந்தக் கட்டியை வெட்டி எடுக்கும் பேச்சை நிறுத்துங்க அம்மா. மார்க்காம்புக்கு நேர் கீழே, நடுவில், வட்டமாக, தொட்டால் வலிக்கிற கெட்டித் தசை பெரும்பாலும் மார்பு மொட்டுதான். அதை அறுவை செய்து எடுத்தால் அந்தப் பக்கம் மார்பு வளரவே வளராது. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பதும் வேண்டாம். ஒரு பக்கம் முதலில் வந்து மறுபக்கம் சில மாதம் கழித்து வருவது மிகச் சாதாரணம். எண்ணெய் போட்டு நீவி விடாதீங்க, அழுத்திப் பார்க்காதீங்க, ஒத்தடமும் கொடுக்காதீங்க. தோல் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, கட்டி காம்புக்கு அடியில் இல்லாமல் ஓரமாக இருந்தாலோ அது வேறு விஷயம், உடனே காட்டணும்.

பெண் குழந்தைக்கு 8 வயது முடிவதற்குள் மார்பு வளரத் தொடங்கினால் முன்கூட்டிய பருவம் என்று எடுத்துக்கொண்டு பரிசோதிப்போம். பையனுக்கு அந்த எல்லை 9 வயது. உங்கள் பொண்ணு எல்லைக்குள் வருகிறாள், அதனால் டாக்டரிடம் போகவேண்டியது உறுதி. நள்ளிரவில் ஓடவேண்டிய அவசரம் இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஒரு குழந்தை மருத்துவரைப் பாருங்க.

எனக்குக் கட்டியைவிட உயரக் கணக்குதான் கவலை தருகிறது. பருவம் தொடங்காத பிள்ளை வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளரும். இவள் 10 மாதத்தில் 7 செ.மீ., அதாவது வருஷத்துக்கு 8.4. முதல் அளவு ஷூவோடு எடுத்தது என்கிறீர்கள். ஷூவுக்கு 2 செ.மீ. கழித்தால் அப்போது 115தான் இருந்திருப்பாள், உண்மையான வளர்ச்சி இன்னும் வேகம். அப்பா 168, அம்மா 154, கூட்டி 13 கழித்து இரண்டால் வகுத்தால் 154.5. அதுதான் உங்கள் குடும்பக் கணக்கில் இவள் வந்து சேரவேண்டிய உயரத்தின் நடுப்புள்ளி. அந்தக் கணக்குக்கு 7 வயதில் 124 கொஞ்சம் அதிகம். ‘நல்லா வளர்றா’ என்று வீட்டில் சந்தோஷப்படும் இந்த வேகம்தான் பின்னால் உயரத்தைக் குறைக்கும். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரம் மூடிக்கொண்டால் மூன்றாம் வகுப்பில் வரிசையில் கடைசியில் நின்ற பிள்ளை பத்தாம் வகுப்பில் முன்னால் நிற்கும்.

இதே கட்டி ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இருந்து, உயரம் வழக்கம்போல் ஏறினால் பெரும்பாலும் தானே அமுங்கிவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். வெறும் வியர்வை வாடையும் முடியும் மட்டும் வந்து மார்பு வளராமல் இருந்தால் அது அட்ரினல் சுரப்பி சம்பந்தப்பட்டது, அதன் பாதை வேறு.

காத்திருக்காமல் அன்றைக்கே காட்டவேண்டியவை: ரத்தப்போக்கு, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்குவது, வலிப்பு, காரணமே இல்லாமல் திடீர் திடீரென்று சிரிப்பு வந்து நிற்பது. அந்தச் சிரிப்பு மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியில் உள்ள ஒரு கட்டியால் வரும் வலிப்பாக இருக்கலாம். பலர் குறும்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

---

பரிசோதனைக்கூடம் 12 எழுதியது:

பேக்கேஜ் எடுக்காதீங்க சிஸ்டர். டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு எடுங்க. அதுல பாதி டெஸ்ட் பெரியவங்களுக்கானது.

முக்கியமானது எல்ஹெச், அதாவது மூளைக்கு அடியில உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலேர்ந்து வந்து பருவத்தைத் தூண்டுற ஹார்மோன். காலை 8 மணி வாக்குல எடுக்கிறது நல்லது, ஏன்னா பருவம் தொடங்குற சமயத்துல இந்த ஹார்மோன் ராத்திரிதான் ஏறும், பகல் போகப் போக இறங்கிடும். வெறும் வயித்துல வரணும்னு இல்ல, இட்லி சாப்பிட்டு வரலாம். லேப்ல ரெண்டு விஷயம் கேளுங்க: எந்த முறையில பார்க்கிறாங்க, குறைஞ்சபட்சம் எவ்வளவு வரைக்கும் அளக்க முடியும். 0.1 வரைக்கும் அளக்கிற இடமா இருக்கணும். ‘1-க்குக் கீழ்’னு மட்டும் ரிப்போர்ட் தர்ற இடத்துல எடுத்தா காசு வீண்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. பக்கத்துல அச்சடிச்சிருக்கிற நார்மல் அளவு மாதவிடாய் வர்ற பெண்களுக்கானது. 7 வயசுப் பிள்ளைக்கு எல்ஹெச் 1.2 வந்தா அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டு ‘நார்மல், இல்லன்னா கம்மி’னு நினைச்சுடுவாங்க. ஆனா இந்த வயசுக்கு 0.3-க்கு மேல போனாலே மூளையிலேர்ந்து பருவத்துக்கான உத்தரவு வந்தாச்சுன்னு டாக்டருங்க சந்தேகப்படுவாங்க. அதனால லேப் ஆளுங்க வாயால சொல்ற ‘நார்மல்’ வச்சு முடிவு பண்ணாதீங்க.

எல்ஹெச் கம்மியா இருந்தும் சந்தேகம் தீரலன்னா ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு. லியூப்ரோலைடு, இல்லன்னா ட்ரிப்டோரெலின் போட்டு, குறிச்ச நேரத்துல திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பாங்க. உச்ச எல்ஹெச் 5-க்கு மேல போனா மூளை வழியா வர்ற பருவம்னு பொதுவா எடுத்துக்குவாங்க. கையில ஒரே ஒரு தடவை கேனுலா (ரத்தக்குழாய்ல வைக்கிற சின்னக் குழாய்) குத்தி வச்சு அதுலயே எல்லா ரத்தமும் எடுக்கச் சொல்லுங்க, பிள்ளையைப் பலமுறை குத்த வேண்டாம்.

எஸ்ட்ராடியால்ங்கிற பெண் ஹார்மோன் சாதாரண மெஷின்ல சின்னப் பிள்ளைங்களுக்குச் சரியா பிடிபடாது. கம்மின்னு வந்தா பருவம் தொடங்கலன்னு அர்த்தம் இல்ல. தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் கட்டாயம் பாருங்க. தைராய்டு ரொம்பக் குறைஞ்ச பிள்ளைங்களுக்கும் மார்பு வளர்ந்து ரத்தம்கூடப் படும், ஆனா உயரம் மட்டும் ஏறாம நிக்கும். அது மாத்திரையிலேயே சரியாகிடும். உங்க பொண்ணு வேகமா வளர்றதால அதுவா இருக்க வாய்ப்பு கம்மி, இருந்தாலும் விட்டுடாதீங்க.

---

எக்ஸ்ரே ரூம் எழுதியது:

எலும்பு எந்த வயசு அளவுக்கு முதிர்ந்திருக்குன்னு (எலும்பு வயசு) பார்க்க இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே ஒண்ணு எடுப்பாங்க. உள்ளங்கையைத் தட்டையா வச்சு, விரலை லேசா விரிச்சு, விரல் நுனியிலேர்ந்து மணிக்கட்டு எலும்பு வரைக்கும் ஒரே படத்துல வரணும். பிள்ளை கையை மடக்கிட்டா படம் பயன்படாது. கதிர்வீச்சு மிகக் குறைவு, பயப்படாதீங்க. ரிப்போர்ட்டோட படத்தையும் கேட்டு வாங்கிக்குங்க. ஒரே படத்தை ரெண்டு டாக்டருங்க பார்த்தா ஆறு மாசம், ஒரு வருஷம்கூட வித்தியாசம் சொல்லலாம், அதனால சிகிச்சை கொடுக்கிறவங்க படத்தை நேர்ல பார்க்கணும். நிஜ வயசைவிட எலும்பு வயசு 2 வருஷம் முன்னாடி இருந்தா சீரியஸா எடுத்துக்குவாங்க.

வயித்து ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும். ஒரு மணி நேரம் முன்னாடி அரை லிட்டர் தண்ணி கொடுத்து, போகவிடாம கூட்டிட்டு வாங்க. பாதி நிறைஞ்சிருந்தா கர்ப்பப்பை மடங்கித் தெரியும், நீளம் தப்பா வரும். வயித்து மேல வச்சுப் பார்க்கிற ஸ்கேன் மட்டும்தான், உள்ளே வச்சுப் பார்க்கிறது எதுவும் சின்னப் பிள்ளைக்குக் கிடையாது. ரிப்போர்ட்ல கர்ப்பப்பை நீளமும் ரெண்டு முட்டைப்பை அளவும் எண்ணா இருக்கணும். நீளம் 3.5 செ.மீ.யைத் தாண்டினா ஹார்மோன் வேலை செய்யுதுன்னு பார்ப்பாங்க. முட்டைப்பையில சின்னச் சின்ன நீர்க்குமிழ் தெரியுதுன்னு எழுதியிருந்தா பதறாதீங்க, 9 மி.மீ.க்குக் கீழே உள்ளது இந்த வயசுல சாதாரணமா இருக்கும். அதைப் பார்த்துட்டு ‘பிசிஓடி’னு பேர் வைக்கிறதைக் கேட்டுக்காதீங்க.

மூளைக்கு எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டாம். 6 வயசுக்குள்ள தொடங்கின பெண் பிள்ளைக்கும், மூளை வழி பருவம்னு தெரிஞ்ச எல்லாப் பையன்களுக்கும் எடுக்கணும். 6-லேர்ந்து 8-க்குள்ள உள்ள பொண்ணுங்களுக்கு டாக்டர் பார்த்து முடிவு பண்ணுவார்.

---

சத்துணவுக் குறிப்பு எழுதியது:

கோழியை வில்லனாக்காதீங்க. பிராய்லர் 40 நாளில் 2 கிலோ வர்றதுக்குக் காரணம் பல தலைமுறையா தேர்ந்தெடுத்த இனமும் தீவனமும்தான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழி வயிற்றிலேயே செரித்துப்போகும். வேலை செய்யணும்னா ஒவ்வொரு கோழிக்கும் தினமும் ஊசி போடணும், ஆயிரக்கணக்கில் வளர்க்கிற பண்ணையில் அது நடக்காத காரியம். கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறது தனிப் பிரச்சினை, அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடவேண்டாம்.

எடைக்கும் பருவத்துக்கும் தொடர்பு இருக்கு. கொழுப்பு கூடக்கூட பெண் குழந்தைகளுக்குப் பருவம் முந்தும். 124 உயரத்துக்கு 27 கிலோ கொஞ்சம் மேல் பக்கம்தான். அதுக்காகப் பட்டினி போடாதீங்க. பாட்டில் ஜூஸ், சாயங்கால பஜ்ஜி, பாலில் கலக்கிற சர்க்கரை, இவற்றைக் குறைங்க. முட்டை, பால், மத்தி மீன், பருப்பு எல்லாம் தொடரட்டும். பாலையும் முட்டையையும் நிறுத்தினால் வளர்கிற எலும்புக்குத்தான் நஷ்டம். உளுந்தங்களி பருவத்தைத் தள்ளிப்போடாது, முன்னாடியும் கொண்டுவராது. நல்லெண்ணெயும் கருப்பட்டியும் தாராளமாகச் சேர்த்து தினமும் கொடுத்தால் எடைதான் ஏறும்.

வீட்டில் ஒன்று தேடிப் பாருங்க. யாராவது ஹார்மோன் கிரீம், ஜெல் தடவுறாங்களா, கருத்தடை மாத்திரை பிள்ளை கைக்கு எட்டுற இடத்தில் இருக்கா, பெயர் தெரியாத உயரம் வளர்க்கிற பவுடர் ஏதாவது கொடுத்தீங்களா? இருந்தால் டப்பாவோடு டாக்டரிடம் கொண்டுபோங்க.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சர்ஜன் பேச்சை நிறுத்தியாச்சு. கிரீம், பவுடர் எதுவும் இல்ல. கடலூர்லயே பார்க்கலாமா, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போடணும்னு சொன்னா அது எவ்வளவு நாளைக்கு?

---

வார்டு சிஸ்டர், கோரிமேடு எழுதியது:

முதல்ல கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில, இல்லன்னா நீங்க வழக்கமா காட்டுற குழந்தை டாக்டர்கிட்ட போங்க. எக்ஸ்ரே, ஸ்கேன், டிஎஸ்ஹெச் அங்கேயே முடிஞ்சிடும். அவர் ரெஃபர் சீட்டு கொடுத்தா ஜிப்மர் வாங்க, இங்க குழந்தைகள் பிரிவும் இருக்கு, நாளமில்லாச் சுரப்பிக்குத் தனித் துறையும் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஓபி கிடையாது. காலையிலயே வந்து பதிவு பண்ணிடுங்க. பிள்ளையோட ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் கார்டு எடுத்துட்டு வாங்க. பிறந்த தேதி மாசக் கணக்குல தெரியணும், இந்த நோய்ல ஆறு மாசம் முன்ன பின்ன இருந்தாலே முடிவு மாறும்.

அதுக்குள்ள வீட்டுல உயரத்தை ஒழுங்கா அளந்து வைங்க. சுவரோரமா ஸ்கர்டிங் டைல்ஸ் ஒட்டியிருந்தா அங்க நிறுத்தாதீங்க, குதிகால் முன்னாடி தள்ளிடும். கதவுக்குப் பின்னாடி நிறுத்தலாம். கொண்டையை அவிழ்த்துட்டு, வெறுங்கால்ல, குதிகால், பின்புறம், தோள் மூணும் கதவுல பட, நேரா பார்க்கச் சொல்லுங்க. கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தலையில மட்டமா வச்சு பென்சிலால கோடு போட்டு, தேதி எழுதுங்க. எப்பவும் காலையிலயே எடுங்க, சாயங்காலம் எடுத்தா அரை, ஒரு செ.மீ. குறையும். மூணு தடவை எடுத்து நடு அளவை எழுதுங்க. வாரா வாரம் அளக்காதீங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா போதும்.

ஊசி எல்லாருக்கும் போடமாட்டாங்க. வளர்ச்சி மெதுவா இருந்தா மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டுப் பார்ப்பாங்க. போடணும்னா, டெஸ்டுக்குத் தூண்டப் போடுற அதே லியூப்ரோலைடுதான், தொடர்ந்து போட்டா பருவத்தை அடக்கி வைக்கும்: 3.75 மி.கி. 28 நாளைக்கு ஒருக்கா, இல்லன்னா 11.25 மி.கி. 12 வாரத்துக்கு ஒருக்கா, இப்படித்தான் வழக்கமா ஆரம்பிப்பாங்க. ‘மாசம் ஒண்ணு’ன்னு காலண்டர் பார்த்து 31, 35 நாள் ஆக்கிடாதீங்க, இடையில மருந்து தீர்ந்தா பருவம் திரும்ப எட்டிப்பார்க்கும். பவுடரை அதோட வர்ற திரவத்துல கலந்த உடனே போடணும். வச்சிருந்தா அடியில படிஞ்சு ஊசி அடைச்சுக்கும், பாதி மருந்துதான் உள்ள போகும். முதல் ஊசிக்கு அப்புறம் ரெண்டு மூணு வாரத்துல லேசா ரத்தம் படலாம். பயந்துட்டு நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டுத் தொடருங்க. போட்ட இடத்துல சில பிள்ளைங்களுக்குக் கட்டி கட்டும், அதுக்காக அடுத்த ஊசிக்கு இடம் மாத்துவாங்க. பொதுவா 11 வயசு வாக்குல நிறுத்துவாங்க. நிறுத்தின பிறகு ஒண்ணு, ஒன்றரை வருஷத்துல மாதவிடாய் தானா வரும். ‘கர்ப்பப்பை கெட்டுப்போகும்’னு யாராவது சொன்னா நம்பவேண்டாம்.

பொண்ணுகிட்ட மறைக்காதீங்க. ‘உடம்பு வளர ஆரம்பிச்சிருக்கு, கொஞ்சம் சீக்கிரமா இருக்கு, டாக்டர் பார்த்துப்பாங்க’னு அவ மொழியிலயே சொல்லுங்க. பருத்தி ஷிம்மி உள்ளே போட்டுவிட்டா உரசல் வலி குறையும். சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல போடாதீங்க, சடங்குப் பேச்சு பிள்ளை காதுல விழவே வேண்டாம். கிளாஸ் டீச்சர் ஒருத்தருக்கு மட்டும் சொல்லி வைங்க.

ரிப்போர்ட் வந்ததும் எல்ஹெச் எண்ணு, எந்த முறையில பார்த்தாங்க, எலும்பு வயசு மூணையும் இங்க எழுதுங்க. படமா போடுறதா இருந்தா பிள்ளை பேரையும் ஓபி நம்பரையும் மறைச்சுட்டுப் போடுங்க.