வாடிக்கையாளர் கட்டுவது ஒன்று, கைக்கு வருவது வேறு. ஏன்?

பைக்கில் டெலிவரி ஓட்டுகிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளர் தன் போனில் பில்லைக் காட்டினார். அவர் கட்டிய டெலிவரி கட்டணத்துக்கும் எனக்கு வந்ததுக்கும் சம்பந்தமே இல்லை. மீதி எங்கே போகிறது?

பதில் 1:
இரண்டையும் பொருத்திப் பார்த்தால் தலைவலிதான். பல ஆப்களில் அவருக்கு ஒரு கணக்கு, நமக்கு வேறு கணக்கு. மழை நேரத்தில் அவரிடம் கூடுதலாக வாங்கினாலும் அது அப்படியே நமக்கு வந்துசேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பதில் 2:
சரி, காத்திருக்கும் நேரத்துக்கு யார் கொடுப்பார்கள்? ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்பதும் வேலைதானே. 2021-ல் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் ஆப்பைத் திறந்து தன் பகுதியில் சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்றது.

பதில் 3:
தீர்ப்பு இருக்கட்டும். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: ஆப் காட்டும் கிலோமீட்டர் எவ்வளவு, வண்டி மீட்டர் காட்டுவது எவ்வளவு என்று. காலியாகத் திரும்பி வரும் தூரம் பெரும்பாலும் ஆப் கணக்கில் வராது, பெட்ரோல் கணக்கில் வரும். எழுதிப் பார்த்த பிறகு நான் தூர ஆர்டர் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

கேள்வி கேட்டவர்:
அப்புறம் ரேட்டிங் குறையாதா அண்ணே?