புதுப்பிப்பு: காற்றுமானி மறுபடி வேலை செய்கிறது

பினாங்கு வீட்டு மாடியில் காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியின் கிண்ணங்கள் சுற்றியும் திரையில் வேகம் பூஜ்யமாகவே நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கோளாறு ரீட் சுவிட்சில்தான். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கிண்ணங்களோடு சுற்றும் காந்தம் அருகே வந்தால் ஒட்ட வேண்டும், விலகினால் பிரிய வேண்டும்; ஒவ்வொரு முறை ஒட்டுவதும் ஒரு துடிப்பு, அதை எண்ணித்தான் வேகம் வரும். இதில் ஒட்டியது பிரியவே இல்லை. மின் இணைப்பு இருந்தால் ஒலிக்கும்படி மல்டிமீட்டரை வைத்துக் கையால் சுற்றினால் 'பீப்' நிற்காமல் கேட்டது. புதுசு பற்றவைத்தாயிற்று. கம்பியைக் கண்ணாடியை ஒட்டி மடக்காதீர்கள், குழாய் விரிசல் விட்டுவிடும். அப்புறம், பேரிங்கில் உப்புப் படிந்திருந்தது. கடற்கரைப் பக்கம் என்றால் இந்தத் தொல்லை உண்டு. கழுவி உலர்த்தினேன். என் மாடலில் நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கிலோமீட்டர். இப்போது இளங்காற்றுக்கே எண் அசைகிறது, அவ்வளவு சந்தோஷம்! காற்று வரும் திசையைக் காட்டும் கருவியை வடக்கு பார்த்துப் பொருத்துவது பாக்கி. மழை விட்டதும் ஏறுகிறேன்.